பாக்கெட் மாறிய பிரேக்கர்

கட்டிலில் கிடக்கிற ஆள் சும்மா கிடந்தால்தானே வீட்டில் இருப்பவர்கள் தங்கள் பாட்டைப் பார்க்க முடியும்? வயர்மேன் சும்மா கிடக்கிற ஆள் இல்லை. வலது காலில் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. போன வாரம் மழையில், வேலைக்குப் போன ஒரு வீட்டின் மாடிப்படியில் இறங்கியவர், படி முடிந்துவிட்டதென்று நினைத்துக் காலை வீசி வைத்தார். இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. கம்பத்தில் ஏறியும் கூரையில் தொங்கியும் வேலை பார்த்த மனிதர் ஒற்றைப் படியில் விழுந்தார் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "ஏணி வழுக்கிருச்சு" என்றே சொல்லிவந்தார். அவர் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை.

அன்றைக்கு வானம் மூடிக்கொண்டு நின்றது. மழையும் வரவில்லை, காற்றும் இல்லை. வேர்வை வழிந்து மாவுக்கட்டுக்குள் இறங்கி அரிப்பெடுத்தது. அவள் ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்து, கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய சட்டைக் காலர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, அந்த ஸ்கேலைக் கொடேன்."

"அது துணி அளக்குற ஸ்கேல். உங்க காலைச் சொறியறதுக்கு இல்ல."

"அளந்து முடிச்சிட்டியே."

"முடிச்சிட்டேன்னு உங்ககிட்ட வந்து சொன்னேனா?"

"சரி, விடு. அந்த வெட்டுப்பட்ட பேண்ட் ஆணியிலதானே தொங்குது? இடது பாக்கெட்ல ஒரு செத்த பிரேக்கர் கெடக்கும், எடுத்துக் கொடு. பிரிச்சுப் பார்த்துக்கிட்டாவது கெடக்கேன். கை சும்மா இருந்தா மனசு கண்டபடி ஓடுது."

ஆஸ்பத்திரியில் ஒரு காலைக் கத்தரித்து எடுத்துவிட்ட பேண்ட் அது. மிச்சத்தில் பை தைக்கலாமென்று அவள் வைத்திருந்தாள். பாக்கெட்டுக்குள் கைவிட்டாள். சின்ன சோப்புக்கட்டி அளவில், கருப்பாக, நடுவில் ஒரு கைப்பிடியோடு இருந்ததை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினாள். காலரை ஊசிக்கடியில் வைத்தவள், பின்னால் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தாள்.

அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். பிரேக்கரைக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தார்.

"இது எந்தப் பாக்கெட்ல இருந்துச்சு?"

"நீங்க சொன்ன பாக்கெட்லதான். இடதுல."

"நல்லாப் பார்த்தியா? உன் இடதா, என் இடதா?"

"பேண்டுக்கு ஏதுங்க உன் இடது, என் இடது? போடுற ஆளோட இடதுதான். என்ன ஆச்சு இப்போ?"

"வலதுல பாரு. ஏதாச்சும் இருக்கா?"

வலது பாக்கெட்டில் டேப் சுருளும் ஒரு நனைந்த பஸ் டிக்கெட்டும்தான் இருந்தன.

"போச்சு" என்றார் வயர்மேன். "குடி முழுகிருச்சு."

என்ன போச்சு என்று சொல்வதற்கு முன், இந்தக் கருப்புக்கட்டியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், நீளமில்லை.

முன்பெல்லாம் வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்தது. சுவருக்குள் ஓடுகிற வயர் தாங்காத அளவுக்குக் கரண்ட் ஓடினால், கட்டைக்குள் இருக்கும் மெல்லிய கம்பி தான் உருகி வயரைக் காப்பாற்றும். அதற்குப் பிறகு வந்ததுதான் பிரேக்கர். கம்பி மாற்ற வேண்டியதில்லை. கரண்ட் மிஞ்சினால் தானே விழும், சரிசெய்துவிட்டுத் தூக்கிவிட்டால் போதும். அந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் எல்லாம் ஒரே கம்பெனியின் பெட்டிகள்தான். கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது. இப்போது கடையில் விற்கிற பிரேக்கர் அந்தப் பெட்டியில் உட்காராது. அதனால் எங்கேயாவது பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால் வயர்மேன் ஓடிப்போய், பெட்டியிலிருந்து நல்லதாகப் பார்த்துக் கழற்றிக்கொண்டு வருவார்.

நல்லதாகப் பார்ப்பதில்தான் சூட்சுமம். அந்தக் கம்பெனி இரண்டு ரகம் செய்தது. நிறம் ஒன்று, அளவு ஒன்று, பெட்டியில் மாட்டுகிற கொக்கியும் ஒன்று. கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருக்கும். குணம் மட்டும் வேறு. மூத்த ரகத்துக்குள் சூட்டில் வளைகிற ஒரு தகடு மட்டும் உண்டு. அது சாவகாசமாக வளைந்து, சாவகாசமாக விழும். வயதானால் அதுவும் இல்லை, உள்ளே ஒட்டிக்கொண்டுவிடும். கையால் ஏற்றி இறக்கினால் ஒழுங்காக ஏறும், இறங்கும். வயர் எரியும்போது மட்டும் அசையாது. வயர்மேன் அதற்கு வைத்திருந்த பெயர் தூங்குமூஞ்சி. இளைய ரகத்தில் தகட்டோடு ஒரு காந்தமும் உண்டு. சின்னத் தப்புக்கும் விருட்டென்று விழுந்து, கைப்பிடி பாதி வழியில் முறைத்துக்கொண்டு நிற்கும். அது ரோஷக்காரன்.

வெளியிலிருந்து பார்த்து அடையாளம் சொல்ல இரண்டே வழி. ரோஷக்காரனுக்கு நம்பர் மூக்கில் இருக்கும், அதாவது கைப்பிடி நுனியில் வெள்ளை மையில். தூங்குமூஞ்சிக்கு மூக்கு மொழுக்கென்று இருக்கும், நம்பர் கைப்பிடிக்குக் கீழே உடம்பில். இது ஒன்று. அணைக்கும்போது ரோஷக்காரன் 'டக்' என்று கறாராகச் சொல்லும். தூங்குமூஞ்சி 'தொப்' என்று சலித்துக்கொள்ளும். இது இன்னொன்று.

கழற்றுகிற இடத்திலேயே பார்த்து, நல்லதை வலது பாக்கெட்டிலும் கழிக்க வேண்டியதை இடது பாக்கெட்டிலும் போடுவது அவர் வழக்கம். அதற்குமேல் பார்க்க மாட்டார். மாட்டுகிற இடத்தில் ஸ்டூல்மேல் நின்று, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணை வயர்மேல் வைத்து வேலை செய்கிறவருக்கு, வலது பாக்கெட்டில் கைவிட்டால் நல்லதுதான் வரும்.

"விழறதுக்கு முந்தின நாள் இடிக்கிற வீட்டுல மூணு கழட்டினேன்" என்றார். "ரெண்டு ரோஷக்காரன், வலதுல. ஒரு தூங்குமூஞ்சி, இடதுல. மறுநாள் வலதுல இருந்து ஒண்ணை எடுத்துக் குழந்தைங்க காப்பகத்துல மாட்டினேன். இன்னொண்ணு எங்க அக்கா வீட்டுல. மிச்சம் இடதுல கெடக்கணும், தூங்குமூஞ்சி. இப்ப இதைப் பாரு."

அவள் பார்த்தாள். மூக்கில் வெள்ளை நம்பர் பளிச்சென்று இருந்தது.

"இது நல்லதாச்சே."

"அதான் சொல்றேன்! நல்லது இங்க இருக்குன்னா, கெட்டது அந்த ரெண்டு வீட்டுல ஒண்ணுல உட்கார்ந்திருக்கு. எப்படி மாறுச்சுன்னுதான் தெரியல. நான் பாக்கெட் மாத்திப் போடுற ஆளே இல்ல."

அவள் கை காலர்மேலேயே நின்றுவிட்டது. எப்படி மாறியதென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முந்தின நாள் மழையில் நனைந்து சேறாக வந்த பேண்டை ராத்திரியே துவைத்து ஃபேனுக்கடியில் போட்டவள் அவள்தான். பாக்கெட்டில் இருந்ததையெல்லாம் ஒரு கிண்ணத்தில் கொட்டி, காலையில் அவர் அவசரப்படுத்தியபோது கைக்கு வந்தபடி அள்ளித் திரும்பப் போட்டவளும் அவள்தான்.

"நான்தாங்க" என்றாள். "துவைச்சுட்டுப் போட்டேன். நீங்க இதுக்கு ஒரு பாக்கெட், அதுக்கு ஒரு பாக்கெட்னு வச்சிருக்கீங்கன்னு எனக்கு என்னைக்குச் சொன்னீங்க?"

"சொல்லணுமா? கூடவே இருக்கிறவளுக்குத் தெரிய வேணாமா?"

"நான் பேண்டுக்குள்ளயா குடியிருந்தேன்?"

சிரிக்க வேண்டிய பேச்சுதான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. காப்பகத்தில் அந்த ஒரு பிரேக்கரில்தான் கூடத்து ஃபேன்களும், சமையலறையில் பால் காய்ச்சுகிற கரண்ட் அடுப்பும். வயர் போவது குழந்தைகள் படுக்கிற சுவருக்குள். எத்தனை பழைய வயர் என்பதை அவரே முன்பு சொல்லிச் சலித்திருக்கிறார்.

"போனைப் போட்டு உடனே அணைக்கச் சொல்லுங்க" என்றாள்.

"என்னன்னு சொல்ல? எதைப் பார்த்து மாட்டினேன்னு தெரியாதுன்னா? அந்தக் கட்டடம் முழுசும் என்னை நம்பி விட்டிருக்காங்க. இன்னைக்கு வாய் விட்டா நாளைக்கு அடுத்த தெரு வயர்மேன் நெட்டையன் ஏணியோட வந்து நிப்பான். அவன் எப்ப எப்பன்னு காத்துக்கிட்டு இருக்கான். நீ போய்ப் பாரு. வரிசையில கடைசியா இருக்கறதுதான் நான் மாட்டினது. மூக்குல நம்பர் இருந்துச்சுன்னா பேச்சே இல்ல, பேசாம திரும்பி வந்துரு. அக்கா வீட்டை அப்புறம் பார்த்துக்கலாம்."

"நம்பர் இல்லைன்னா?"

"இருக்கும்."

"இல்லைன்னா?"

"போயேன்மா முதல்ல! கால் இருந்தா நான் உன்கிட்டயா கெஞ்சிக்கிட்டு இருக்கேன்?"

தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் கிளம்பினாள். வழியெல்லாம் வேகுவேகென்று நடை, நடையிலே பாதி ஓட்டம். எதிரே வந்த பால்காரர் என்னமோ கேட்டதற்கு என்னமோ பதில் சொன்னாள். தீயணைப்பு வண்டிச் சத்தம் எங்கேயாவது கேட்கிறதா என்றே காது தேடிக்கொண்டிருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் அலறினால்கூட நின்று திரும்பிப் பார்த்தாள்.

காப்பகத்தின் கதவு சாத்தியிருந்தது. மத்தியானத் தூக்க நேரம். ஆயா மெல்லத் திறந்து, உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

"வயர்மேன் வீட்டம்மாவா? அவருக்குக் கால் எப்படி இருக்கு?"

"இருக்கு ஆயா. பெட்டியை ஒரு தடவை பார்த்துட்டு வரச் சொன்னார்."

"காலை உடைச்சுக்கிட்டும் என்ன கரிசனம் பாரேன். போ, போ. காலடியைப் பார்த்து வை. வரிசையாப் படுக்க வச்சிருக்கேன். ஒண்ணு முழிச்சா ஊர்கோலம்தான்."

கூடத்தில் பாய்களில் குழந்தைகள் அங்குமிங்கும் கை காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. மேலே ஃபேன்கள் சுற்றின. சமையலறை அடுப்பில் பால் ஏறியிருந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. பெட்டி எங்கே என்று நிமிர்ந்து பார்த்தாள்.

சுவர் முழுவதும் புதுசாக நீலப் பெயிண்ட். அங்கங்கே வெள்ளை மேகம். பெயிண்டர் மகராசன் சுவரோடு பெட்டியையும், பெட்டியோடு பிரேக்கர்களையும், பிரேக்கரோடு கைப்பிடிகளையும் சேர்த்து ஒரே அடியாக அடித்துவிட்டிருந்தான். ஒரு மேகத்தின் வால் சரியாக அந்தக் கடைசிக் கைப்பிடிமேல் வந்து முடிந்தது.

வாசற்பக்கம் ஒதுங்கிப் போனை எடுத்தாள்.

"எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்னேன். மூக்கு, முழி ஒண்ணும் தெரியல. நீலமா நிக்குது."

"எந்தக் கழுதை அடிச்சது?"

"கழுதையை அப்புறம் விசாரிக்கலாம். இப்ப என்ன பண்ண?"

"விரலை வச்சுத் தடவிப் பாரு. நம்பர் தட்டுப்படுதா?"

"அது மைதானே? மை எப்படிங்க தட்டுப்படும்?"

"நகத்தால லேசாச் சுரண்டு. லேசா! அழுத்திச் சுரண்டினா மையும் கூட வந்துரும்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். துணியில் தையல் பிரிக்கிற கை அது, மெதுவாகத்தான் சுரண்டியது. நீலம் ஒரு செதிலாக வந்தது. அடியில் வெள்ளையாக என்னமோ. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. விரலைப் பார்த்தாள். வெள்ளைப் பொடி. மையா, இல்லை பெயிண்டர் அடியில் பூசிய வெள்ளைப் பூச்சா? சுரண்டிய இடத்தில் கருப்பு எட்டிப் பார்த்தது, எண் எதுவும் இல்லை. இருந்ததைத் தானே அழித்துவிட்டோமா?

"என்ன தெரியுது?" போனில் அவர் குரல் கொதித்தது.

"வெள்ளையாப் பொடி வந்துச்சுங்க. நம்பரா, என்னன்னு தெரியல."

"சுரண்டாதே! விட்டுடு. அணைச்சுப் பார்த்துட வேண்டியதுதான். போனைக் கிட்ட வச்சு அணை. நான் கேட்டுச் சொல்றேன்."

ஒரு கையில் போன், ஒரு கை கைப்பிடியில். எக்கி நின்றதில் ஸ்டூல் தரையில் கிறீச்சென்று நகர்ந்தது. காலடியில் படுத்திருந்த குழந்தை ஒன்று கண்ணைத் திறந்து, அந்நிய முகத்தைப் பார்த்து வீலென்று கத்தியது. பக்கத்துக் குழந்தை எதற்கென்று கேட்காமலே அதோடு சேர்ந்துகொண்டது. அந்தக் கத்தலுக்கு நடுவில் அவள் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். ஃபேன்கள் சுழற்சி குறைந்து, தள்ளாடி நின்றன.

"டக்!" என்றார் அவர். "டக்னு கேட்டுச்சு. ரோஷக்காரன்தான், சந்தேகமே வேணாம். ஆன் பண்ணிட்டு வந்துரு."

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. பெட்டிக்கு நேர் எதிரே நின்ற அவளுக்கே அது டக்கா தொப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நிஜமாவே கேட்டுச்சா? இல்ல, அப்படி இருந்தா தேவலைன்னு சொல்றீங்களா?"

"என் காதையே சந்தேகப்படுறியா? எத்தனை காலமா இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்?"

அவள் கீழே பார்த்தாள். இன்னும் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை, வேர்த்த நெற்றியோடு புரண்டு சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டது.

"அணைஞ்சே இருக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அதற்குள் உள்ளறையிலிருந்து டீச்சர் வந்துவிட்டார். காப்பகத்தை நடத்துகிறவர். அதட்டிப் பேசாத மனுஷி, அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"யார் ஃபேனை நிறுத்தினது?"

"நான்தான் டீச்சர்."

"ஏன்?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்தான். பெட்டியைத் துடைத்தேன், கை பட்டுவிட்டது என்று சொல்லலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆயா பின்னால் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் மாட்டினது சரியான பிரேக்கரான்னு சந்தேகமா இருக்கு டீச்சர். ரெண்டு இடத்துல ரெண்டு மாட்டினார். அதுல ஒண்ணு கெட்டது. எது எங்க போச்சுன்னு தெரியல. பேண்டைத் துவைச்சுட்டு நான்தான் பாக்கெட் மாத்திப் போட்டுட்டேன்."

டீச்சர் சுவரைப் பார்த்தார். சுவரோரம் கிடந்த குழந்தையைப் போய்த் தூக்கினார். தூக்கிக்கொண்டு திரும்பி வந்து சொன்னார்.

"ஒரு வாரமா பிள்ளைங்க இந்தச் சுவர்ல தலையை வச்சுத்தான் படுக்குதுங்க."

"தெரியும் டீச்சர்."

"உங்க வீட்டுக்காரருக்குக் கால்தானே உடைஞ்சது? அவர் ஏன் போன் பண்ணிச் சொல்லலை?"

அவள் ஸ்டூலை எடுத்துப் பழைய இடத்தில் போட்டாள்.

"ஆயா, எல்லாரையும் வெளிய மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் டீச்சர். "நீங்க அந்த இன்னொரு வீட்டைப் போய்ப் பாருங்க."

நாத்தனார் வீடு பஸ்ஸில் போகிற தூரம். போனில் சொன்னால் நம்பி அணைக்கிற உறவில்லை, நேரில்தான் போக வேண்டும். பஸ் நிறுத்தத்தில் நிற்கப் பொறுக்கவில்லை. அடுத்த நிறுத்தம்வரை நடந்தாள். அங்கேயும் பொறுக்கவில்லை. நடுவில் கடந்து போன பஸ்ஸைப் பார்த்துத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அவர் திரும்பத் திரும்ப போன் அடித்தார், எடுக்கவில்லை. எடுத்தால் 'ஆன் பண்ணியா' என்பார்.

நாத்தனார் கூடத்தில் மேஜைமேல் துணி விரித்து, வீட்டுக்காரரின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சு கொஞ்சநாளாக இல்லை. காரணம் கேட்டால் இரண்டு பேருக்கும் ஞாபகமிருக்காது.

"வாம்மா. அவனைத் தனியாப் போட்டுட்டு எங்க சுத்திட்டு வர? மூச்சு வாங்குது?"

"அண்ணி, பெட்டி எங்க இருக்கு?"

"எந்தப் பெட்டி? நகைப் பெட்டியா? அது இருந்தா நான் ஏன் இஸ்திரி போடுறேன்?"

"கரண்ட் பெட்டி அண்ணி."

"கண்ணாடிக்குப் பின்னாடி. உன் முகத்தை முதல்ல அந்தக் கண்ணாடியில பாரு, பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினாள். பெட்டியின் மூடியைத் தொட்டவள் கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. திறந்தாள். இங்கே எந்தப் பெயிண்டரும் கைவைத்திருக்கவில்லை. தூசி படிந்த வரிசையில் ஒன்று மட்டும் தூசி இல்லாமல் இருந்தது. அதன் மூக்கு மொழுக்கென்று இருந்தது. நம்பர் கைப்பிடிக்குக் கீழே, உடம்பில்.

கைப்பிடியை இழுத்துவிட்டாள். தொப்.

எப்படிப்பட்ட சத்தமென்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு முறை கேட்டால் மறக்காது.

"ஏய், என்ன பண்ற? பாதிச் சட்டை நிக்குது! என் தம்பி மாட்டினதை நீ யாரு அணைக்கிறதுக்கு?"

"இது கெட்டுப்போனது அண்ணி. சுவர் எப்படிச் சுடுது, கையை வச்சுப் பாருங்க."

நாத்தனார் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார்.

"காலையில இருந்து ஒரு வாடை. ரப்பர் தீயற மாதிரி. உங்க அண்ணன் செருப்பை அடுப்போரம் காய வைக்கிறார்னு அவரைப் பிடிச்சு அந்தக் கத்து கத்தினேன். பாவம், மனுஷன் செருப்பையே தூக்கிப் போட்டுட்டார்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மேஜையோரம் உட்கார்ந்து, பாக்கெட் மாறிய கதையைச் சொன்னாள். நாத்தனார் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ மாத்திப் போட்டே, சரி. அவன் பார்க்காமலா மாட்டினான்? கூடப்பிறந்தவ வீட்டுல?"

"எப்பவும் பார்க்குறவர்தான் அண்ணி. அன்னைக்குப் பாக்கெட்டை நம்பிட்டார்."

"நீ அவனுக்குப் பரிஞ்சு பேசாத நாள் உண்டா? தண்ணியைக் குடி."

குடித்துவிட்டு டீச்சருக்குப் போன் போட்டாள். கெட்டது இங்கே இருக்கிறது, அப்படியென்றால் அங்கே இருப்பது நல்லதாகத்தான் இருக்க வேண்டும், போட்டுக்கொள்ளலாம் என்றாள்.

"இருக்கணும்னா? அங்க இருக்கறதை யாரும் பார்க்கலையே" என்றார் டீச்சர். "மாட்டினவர் வாயால கேட்காம நான் போட மாட்டேன்மா. பிள்ளைங்க மரத்தடியிலயே இருக்கட்டும்."

வீட்டுக்குத் திரும்பியபோது வயர்மேன் கட்டிலின் விளிம்புக்கு வந்து, ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தலையணை ஒரு மூலையில், போர்வை ஒரு மூலையில்.

"போனை எடுக்க என்ன கேடு உனக்கு?"

"அக்கா வீட்டுலதாங்க இருந்துச்சு. தூங்குமூஞ்சி. சுவர் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அணைச்சுட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அக்கா?"

"நல்லா இருக்காங்க. உங்களைத் திட்டற அளவுக்கு நல்லா இருக்காங்க."

அவள் கீழே கிடந்த தலையணையை எடுத்துத் தட்டி வைத்தாள். மிஷினில் பாதி ஓட்டிய காலர் அப்படியே கிடந்தது. அவர் சொன்னது சரியாகப் போய்விட்டதே, இந்த மனிதரை அத்தனை பேர் எதிரில் நம்பாமல் விட்டோமே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனது அறுத்துக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லிவிட்டால்தான் ஆறும்போல் இருந்தது.

"நீங்க சொன்னதுதான் சரி. காப்பகத்துல இருக்கறது ரோஷக்காரன்தான். அத்தனை அழுகைக்கு நடுவுலயும் சரியாச் சொன்னீங்க. நான்தான் நம்பாம, பிள்ளைங்களை எழுப்பி, டீச்சர்கிட்ட உங்க பேரையும் கெடுத்து..."

"நிறுத்து" என்றார்.

அவள் நிறுத்தினாள்.

"எனக்குச் சத்தம் எங்க கேட்டுச்சு? பிள்ளைங்க அழுததுதான் கேட்டுச்சு."

சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தூறல் விழ ஆரம்பித்து, ஜன்னல் தகரத்தில் பொட்டுப்பொட்டாகச் சத்தம் கேட்டது. மரத்தடியில் குழந்தைகள் நனையுமே என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

"நீ மட்டும் அதை ஆன் பண்ணியிருந்தா..." என்றார்.

"அங்க நல்லதுதானேங்க இருந்துச்சு. ஒண்ணும் ஆகியிருக்காது."

"அது எனக்குத் தெரியாதே."

திட்டலாம். திட்டுவதற்கு இதைவிட நல்ல சமயம் வராது. அவள் தன் போனில் டீச்சர் நம்பரை எடுத்து, அவர் கையில் வைத்தாள். அவர் அமுக்கிக் காதில் வைத்தார்.

"டீச்சர், வயர்மேன் பேசறேன்... கால் கெடக்கு டீச்சர், அதை விடுங்க. பிள்ளைங்களை உள்ள கூட்டிக்குங்க, மழை வருது. உள்ள வந்தாலும் அந்த ஸ்விட்சைப் போடாதீங்க. என்னோட கணக்குப்படி அது நல்லதுதான். ஆனா கணக்கை நம்பித்தானே இது இவ்வளவு தூரம் வந்துச்சு. நெட்டையனை அனுப்புறேன். ஆமா, அந்த நெட்டையன்தான், நல்ல வேலைக்காரன். அவன் கழட்டிக் கண்ணால பார்த்துச் சொன்னப்புறம் போடுங்க."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள்.

"இல்ல டீச்சர். அவ துவைச்சுப் போட்டா, அவ்வளவுதான். பார்க்காம மாட்டினது நான்."

அவர் போனைக் காதைவிட்டு எடுக்கவில்லை. டீச்சர் என்ன பதில் சொன்னாரோ, அவளுக்குக் கேட்கவில்லை. மழைக்குப் பயந்து கூடத்துக்குள் ஓடி வருகிற குழந்தைகளின் கூச்சல் மட்டும் போனை மீறிக்கொண்டு அவள் நின்ற இடம்வரைக்கும் கேட்டது.